கிரகணத்தன்று நான் வீட்டிலேயே இருந்தேன்

இந்த மாசிப் பூரணையன்று சந்திரன் எங்கள் தீவுகளுக்குக் கடிபட்ட நிலையிலேயே உதிக்கும் என்பதைப் போன வருடமே குறித்து வைத்திருந்தேன். முழுக் கிரகணம் என்றாலும் அதன் முழுமை எங்களுக்கு இல்லை. சந்திரன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே அந்தப் பகுதி முடிந்துவிடும். பொழுது படும் நேரத்தில் அது கிழக்கே எழும்பி வரும்போது மேல் இடது ஓரத்தில் நிழலின் கடைசித் துண்டு மட்டும் ஒட்டியிருக்கும். அரை மணித்தியாலத்துக்குள் அதுவும் விலகிவிடும். உச்சியில் நின்ற கிரகணத்தைப் படம் பிடித்திருக்கிறேன். முகிலுக்குள்ளால் எட்டிப் பார்த்த கிரகணத்தையும் பிடித்திருக்கிறேன். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருக்க, கடலில் இருந்து கறுத்த விளிம்போடு ஏறிவரும் சந்திரன் மட்டும் எனக்குக் கிடைத்ததில்லை.

வேலணையில் என் வீட்டில் இருந்து கிழக்கே பார்த்தால் பனங்கூடல்தான் தெரியும். ஆகவே மண்டைதீவின் கிழக்குக் கரையைத் தெரிவு செய்தேன். முந்திய இரண்டு பூரணைகளுக்கும் அங்கே போய், சந்திரன் எந்த இடத்தில் எழும்புகிறது, கடல் மேல் புகார் மூட்டம் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது, கரையில் எந்த இடத்தில் முக்காலியின் கால் புதையாது என்பதெல்லாம் பார்த்து வைத்தேன். நான் ஓர் அரச அலுவலகத்தில் கோவைக் கட்டுகளோடு சீவிக்கிறவன். ஒன்றைச் செய்வதென்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பதைத் தவிர வேறு திறமை எனக்கு இல்லை.

ஆனால் கிரகணத்தன்று காலையில் நான் செய்த முதல் வேலை, என் மகளின் அறை யன்னல்களைக் கம்பளிப் போர்வையால் மறைத்து ஆணி அடித்ததுதான்.

மகளுக்கு அப்போது மூன்றாம் மாதம். கணவருக்கு வவுனியாவில் வேலை என்பதால் எங்களோடு வந்து தங்கியிருந்தாள். போர்வைகளைக் கொண்டுவந்தவர் அவளுடைய மாமியார். சரவணையில் இருந்து ஓட்டோ பிடித்து, இரண்டு போர்வையும் ஒரு கட்டுத் தர்ப்பையுமாகக் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார். நான் கதிரையில் ஏறி நின்று ஆணி அடிக்க, அவர் கீழே நின்று மேற்பார்வை செய்தார்.

"அந்த மூலையிலை வெளிச்சம் வருது, சம்பந்தி."

"அது பகல் வெளிச்சம். கிரகணம் பின்னேரம்தான்."

"பகல் வாற ஓட்டையாலைதானே அதுவும் வரும்."

இன்னோர் ஆணி அடித்தேன். கட்டிலில் இருந்த மகள், "அப்பா, இடப்பக்கம் கீழையும் ஒண்டு" என்றாள். அவள் குரலில் சிரிப்பு இருந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கத்தி, கத்திரிக்கோல், ஊசி ஒண்டும் தொடக்கூடாது, பிள்ளை" என்று மாமியார் அவளுக்குச் சொன்னார். "நுளம்பு கடிச்சாலும் சொறியக்கூடாது. மல்லாந்து படுத்திரும்."

"ஓம் மாமி."

"பசிச்சாலும் பொறுத்துக்கொள்ளும்."

"ஓம் மாமி."

போகும்போது படலையடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். "சம்பந்தி, ஒண்டு சொல்லுவன், கோவிக்கக்கூடாது. இந்த முறை கமராவைத் தொடாதேங்கோ. உதைப் பாத்த கண்ணோடை வந்து பிள்ளையைப் பாக்கக்கூடாது."

பஞ்சாங்கத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. எங்கள் ஊரில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கக் கட்சி உண்டு. இரண்டையும் எடுத்துப் பிறகு தேடிப் பார்த்தேன். இரண்டிலும் இல்லை. ஆனால் அந்த நேரம் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன். சம்பந்தி அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டு போனார்.

'இந்த முறை' என்று அவர் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு.

மகள் எட்டு வயதில் இருந்தே என்னோடு கிரகணம் பார்த்தவள். கண் கூசாமல் இருக்க டோர்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டித் தருவது அவள் வேலை. குசினியில் பல்பின் முன்னால் தோடம்பழத்தையும் தேசிக்காயையும் பிடித்து, எந்த நிழல் எதன் மேல் விழுகிறது என்று தாய்க்கு விளங்கப்படுத்தியவள். தாய் கடைசியில் அந்தத் தேசிக்காயைப் பறித்துச் சொதிக்குள் பிழிந்துவிட்டாள். கலியாணம் முடித்துப் போன பிறகும், கிரகணம் என்றால் அவள் எப்படியாவது வீட்டுக்கு வந்துவிடுவாள்.

போன ஆவணியில் வந்த முழுக் கிரகணத்துக்கும் அப்படித்தான் வந்தாள். கிணற்றடிக்குப் பக்கத்து வெளியில் இருவரும் நின்றோம். சந்திரன் செம்பு நிறமாகி உச்சியில் தொங்கியது. அவள் கமராவின் மேல் குனிந்திருந்தபோது கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தேன். சிவப்பு டோர்ச் வெளிச்சம் அவளுடைய ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்திருந்தது. மறுநாள் அதையும் சிவப்புச் சந்திரனையும் சேர்த்து முகநூலில் போட்டு, 'என்னுடைய உதவியாளர்' என்று எழுதினேன். ஊரில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் நிறையப் பேர் விருப்பம் போட்டார்கள். சம்பந்தியும் போட்டார்.

இரண்டு கிழமைக்குள் மகளுக்குக் கரு கலைந்தது. அவள் முழுகாமல் இருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். யாழ்ப்பாணத்தில் அவளைப் பார்த்த பெண் டொக்டர் கதவைச் சாத்திவிட்டு மகளுக்கும் மனைவிக்கும் எனக்கும் பொறுமையாகச் சொன்னார். முதல் மாதங்களில் பலருக்கு இப்படி நடக்கிறது, மகள் ஏதும் செய்ததாலோ செய்யாமல் விட்டதாலோ வந்ததில்லை, அடுத்த முறை நல்லபடியாக வரும். நான் அதை வீட்டுக்கு வந்து சொல் மாறாமல் எழுதி வைத்தேன். எழுதி வைத்து என்ன பயன்? டொக்டர் சொன்னதை யாரும் முகநூலில் போடவில்லை.

லண்டனில் இருக்கும் சம்பந்தியின் தங்கை என் படத்தின் கீழே ஒரு வரி எழுதினார். "இந்த நேரம் பிள்ளை முழுகாமல் எல்லோ இருந்தவ?" அவ்வளவுதான். அதன் கீழே அழுகிற முகங்களும் கைகூப்பிய படங்களும் வரிசையாக வந்து விழுந்தன. நான் படத்தை எடுத்துவிட்டேன். காரணம் இல்லாமலா எடுத்தார் என்று கதைத்தார்கள். அதற்கிடையில் யாரோ அதைச் சேமித்துக் குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் ஓட விட்டிருந்தார்கள். கார்த்திகையில் ஒரு கலியாண வீட்டில், முன்பின் கண்டிராத ஒரு பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கள்தானோ அந்தப் படம் எடுக்கிறவர்?" என்று கேட்டார். ஓம் என்றேன். "ஆ" என்றார்.

முகத்துக்கு நேரே ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மறுக்கலாம். சம்பந்தி என் மனைவியோடு கதைத்தது மட்டும், தொலைபேசியைச் சத்தமாக வைத்திருந்தபடியால் என் காதில் விழுந்தது. "நான் ஒண்டும் சொல்லேல்லை. படிச்ச ஆக்கள் நீங்கள். உங்களுக்குத் தெரியாததை நான் என்னத்தைச் சொல்லுறது?" ஒன்றும் சொல்லாமல் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மகளும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் சொல்லாமல் விட்டது எனக்கு வேறு மாதிரிப் பட்டது. ஊர் நினைப்பதை நான் தாங்கிக்கொள்வேன். அவளும் அப்படி நினைக்கிறாளா? ஆறு மாதமாக எனக்குத் தெரிய வேண்டியிருந்தது இது ஒன்றுதான். கேட்கத் துணிவு வரவில்லை.

பின்னேரம் மனைவி தர்ப்பைப் புல்லைத் துண்டு துண்டாக முறித்துத் தண்ணீர்க் குடத்தில் போட்டாள், ஊறுகாய்ப் போத்தலில் போட்டாள், மிளகாய்த்தூள் டின்னில் போட்டாள், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலும் ஒன்று வைத்தாள். நான் கமராப் பையைத் திறந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்ததைக் கண்டாள்.

"இஞ்சேருங்கோ, எங்கை வெளிக்கிடுறியள்?"

"உமக்குத் தெரியாதே?"

"தலையாட்டினியளெல்லோ அவவுக்கு."

"தலையைத்தான் ஆட்டினனான். வாய் திறக்கேல்லை."

"உந்தக் கதையெல்லாம் உங்கடை கந்தோர்க் கோவையளோடை வைச்சுக்கொள்ளுங்கோ."

"சந்திரன் போறதும் வாறதும் உம்மடை சம்பந்தியைக் கேட்டே?"

"சந்திரனை ஆர் கேட்டது? நாளைக்கு ஒண்டு நடந்தா ஆரைக் கேப்பினம்? நீங்கள் கமராவையும் தூக்கிக்கொண்டு வானத்தைப் பாத்திடுவியள். ரெலிபோன் அடிக்கேக்கை எடுக்கிறது நானெல்லோ."

அவள் சொன்னது சரி. போன முறை எல்லா அழைப்புகளையும் அவள்தான் எடுத்தாள். ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து சொன்னாள். நான் அப்போது கிணற்றடியில் போய் நின்றேன். சரி என்று தெரிந்துகொண்டும் பையைப் பூட்டித் தோளில் போட்டேன்.

புறப்படும் முன் மகளின் அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே நல்ல இருட்டு. அவள் மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் பக்கத்தில் நீட்டி வைத்திருந்தாள். மின்விசிறி சூட்டை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"நீயும் வாவன்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. "மண்டைதீவு மட்டும்தான். ஆருக்கும் தெரியாது."

"பகிடி விடாதேங்கோ அப்பா."

"அப்ப நீ இதை நம்புறியோ?"

அவள் நீட்டி வைத்த கையை அசைக்கவில்லை. "நீங்கள் போயிட்டு வாங்கோ. ஆனா ஆருக்கும் சொல்லாதேங்கோ. படமும் எங்கையும் போடாதேங்கோ." பிறகு, "நேரம் போகுது அப்பா, அது உங்களுக்காக நிக்காது" என்றாள்.

இருட்டுக்குள் இருந்து வந்த அந்தக் குரலை எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சந்திரனைப் பாம்பு விழுங்குகிறது என்று சொன்ன ஆசிரியருக்கு எழும்பி நின்று மறுப்புச் சொன்ன பிள்ளை, இப்போது நுளம்பு கடித்தாலும் சொறியாமல் படுத்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. அவளில் வந்ததா, சம்பந்தியில் வந்ததா என்று பிரித்துப் பார்க்காமல் மோட்டார் சைக்கிளை உதைத்தேன்.

அல்லைப்பிட்டி தாண்டும் வரைக்கும் தெருவில் ஆள் இல்லை. கோயில் கதவு பூட்டிக் கிடந்தது. ஒரு வீட்டு வாசலில் மட்டும் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. கிரகணத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து பார்க்கப் பயந்தவர்கள் கதவைச் சாத்திவிட்டு அதையே பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மண்டைதீவுக் கரையில், முன் இரண்டு முறையும் எனக்கு அறிமுகமான ஒரு கடற்றொழிலாளி வள்ளத்தடியில் இருந்து வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வள்ளத்தின் முகப்பில் மாதா படம். என்னைக் கண்டதும் உரத்துச் சொன்னார்: "வந்திட்டார் சந்திரன்ரை மாப்பிளை! இண்டைக்காவது பொம்பிளை முகம் காட்டுவாவோ அண்ணை?"

"முக்காட்டோடைதான் வருவா."

"பரவாயில்லை. என்ரை மனுசி மீன் படாத நாளிலை முழுசா மூடிப்போடுவா." பாசியை உதறி எறிந்தார். "உங்கடை பக்கம் எல்லாரும் கதவைச் சாத்திட்டினமாம். நீங்கள் மட்டும் என்னண்டு தப்பினியள்?"

"பின்பக்கத்தாலை வந்தனான்" என்றேன். அவர் சிரித்தார். உண்மையாகவே பின்பக்கத்தால்தான் வந்திருந்தேன், முன்வீட்டுக்காரர் காணக்கூடாது என்று.

முக்காலியை நிறுத்தி, காற்றுக்கு ஆடாமல் அதன் நடுவில் மணல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டேன். எழும்ப வேண்டிய நேரத்தில் ஒன்றும் எழும்பவில்லை. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக நின்றன. முதுகில் சூரியனின் சூடு இன்னும் இருந்தது. புகார் இவ்வளவு கனமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. மிச்சமிருந்த சில நிமிடங்களும் அதற்குள்ளேயே போய்விடும் என்று நினைத்தபோது, வலை கட்டிய தடிகளுக்கு மேலே ஓர் அழுக்கு மஞ்சள் கறை தெரிந்தது. உருண்டையாக இல்லை. மேல் இடது பக்கம் உடைந்த ஓட்டுத் துண்டு மாதிரி இருந்தது.

லென்ஸுக்குள்ளால் பார்த்தபோது அது கொதிக்கிற தண்ணீரில் கிடப்பதுபோல் நடுங்கியது. ஷட்டரை மெதுவாக்கி, ஒவ்வொன்றாக எடுத்தேன். மஞ்சள் செம்மஞ்சளாக மாறிற்று. தடிகளில் ஒன்றில் ஒரு நீர்க்காகம் வந்து குந்தியது. அதன் தலையும் கறுப்பு, சந்திரனின் தலையும் கறுப்பு. இரண்டும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. நான் நினைத்துப் போனதைவிட நல்ல படம். என் வாழ்க்கையில் எடுத்த மிக நல்ல கிரகணப் படம் அதுதான்.

இன்னும் நிழல் முழுதாக விலகவில்லை. விலகும் கடைசிக் கணம் வேண்டும் என்று காத்து நின்றபோது, "மாமா, தேத்தண்ணி" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. கடற்றொழிலாளியின் மகள். இரண்டு கையிலும் கோப்பை. என் மகளை விட இளம் வயது. வயிறு முட்டிக்கொண்டு நின்றது. எட்டாம் மாதமாக இருக்கலாம்.

"காட்டுங்கோ பாப்பம்" என்று கமராவின் பின்பக்கத் திரையை எட்டிப் பார்த்தாள்.

நான் உள்ளங்கையால் திரையை மூடினேன்.

"ஏன் மாமா மறைக்கிறியள்?"

"கமரா பற்றரி முடிஞ்சுது பிள்ளை."

என் விரல்களுக்கிடையால் செம்மஞ்சள் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு வானத்தைக் காட்டினாள். "அந்தா நிக்குது. வெறுங் கண்ணுக்கே தெரியுது. உதுக்குள்ளை இருக்கிறது வேறையோ?"

"விடு பிள்ளை" என்றார் தகப்பன் வலையில் இருந்து தலை நிமிராமல். "அவையளுக்கு உதிலை ஏதோ முறை இருக்கு."

அவையள். ஆணி அடித்த யன்னலையும், தலையாட்டிய சத்தியத்தையும், மனைவியின் பேச்சையும் தாண்டி நான் இவ்வளவு தூரம் வந்தது அந்தச் சொல்லுக்குள் அடங்காமல் இருக்கத்தான். அவர் குத்திச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்த வெளிச்சம் அவளுடைய பிள்ளையை ஏதும் செய்யும் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். என் கையை அங்கே கொண்டுபோனது வேறொன்று. இவளுக்கு நாளைக்கு ஏதும் நடந்தால், வேலணையில் இருந்து ஒருவர் கமராவோடு வந்து காட்டினார் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. அவ்வளவுதான். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். சந்திரன் முழுதாக, வட்டமாக, ஒரு குறையும் இல்லாமல் நின்றது. கடைசிக் கணத்தை நான் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கிணற்றடியில் வாளியோடும் துவாயோடும் நின்றாள். "கமரா உள்ளுக்கை வரக்கூடாது" என்றாள். பையை மோட்டார் சைக்கிளிலேயே விட்டேன். உடுத்த உடுப்போடு தலையில் ஊற்றினாள். மூன்றாவது வாளிக்கு, "காணும், விடும்" என்றேன். "எனக்குக் காணாது" என்று நான்காவதையும் ஊற்றினாள்.

தலை துவட்டிக்கொண்டு தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். வடபகுதியில் வானம் பார்க்கிற ஏழெட்டுப் பேர் ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். யாழ்ப்பாண நகரத்தில் இருந்து ஒருவர் தன் மொட்டைமாடிப் படத்தைப் போட்டிருந்தார். தண்ணீர்த் தாங்கிக்கு மேலே மங்கலாக ஒரு பொட்டு. "தீவுப் பக்கம் என்ன மாதிரி? அண்ணையின்ரை படத்துக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம்" என்று எழுதியிருந்தார்.

நான் "முகில்" என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது. "பண்ணைப் பாலத்துக்கு அங்காலை மட்டும் முகிலோ அண்ணை? உங்களுக்கெண்டு தனி வானம் வைச்சிருக்கிறியளோ?" மற்றவர்கள் சிரிக்கிற முகங்களைப் போட்டார்கள். அந்தக் குழுவில் நேரத்தையும் கோணத்தையும் திருத்துகிறவன் நான்தான். நானும் ஒரு சிரிக்கிற முகம் போட்டேன்.

அப்போது அறைக்குள் மகளின் தொலைபேசி அடித்தது. கதவு திறந்திருந்தது, அவள் அதைச் சத்தமாக வைத்தாள். சம்பந்தி.

"முடிஞ்சுது பிள்ளை. முழுகினனீரோ?"

"ஓம் மாமி, இப்பதான்."

"வயித்துக்கை ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

"இல்லை மாமி."

"அப்பா?"

நான் கதவடியில் நனைந்த தலையோடு நின்றேன். மகள் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா வெளியிலை காலே வைக்கேல்லை மாமி. குசினிக்கை இருந்து பேப்பர் பாத்தவர்."

"ஒருக்காக் குடும் அவரிட்டை."

தொலைபேசியை வாங்கினேன். "ஓம் சம்பந்தி. உள்ளுக்கைதான் இருந்தனான்" என்றேன்.

"நல்லது. ஆவணியிலையும் ஒண்டு வருதெண்டு ரீவியிலை சொல்லுறாங்கள். பிள்ளைக்கு மாதம் கிட்டுற நேரம்."

"அது இஞ்சை தெரியாது. அந்த நேரம் எங்களுக்குச் சந்திரன் மறைஞ்சிடும்."

"தெரியாட்டி என்ன, அது நடக்கிறது நடக்கும்தானே" என்றார் அவர். அதுவும் ஒருவகையில் சரிதான்.

மகள் தொலைபேசியை வாங்கி வைத்தாள். பிறகு அவள்தான் தொடங்கினாள்.

"நான் நம்பேல்லை அப்பா. நீங்கள் கேட்டனீங்களெல்லோ."

"பிறகேன் இந்த இருட்டுக்கை கிடந்தனி?"

"ஒருத்தருக்கும் சொல்ல ஒண்டும் இருக்கக்கூடாது. நம்பினால் சுகமா இருந்திருக்கும். மாமி இண்டைக்கு நிம்மதியாப் படுப்பா. அவவுக்கு முடிஞ்சுது. எனக்கு இன்னும் ஆறு மாசம் கிடக்கு." நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அண்டைக்கு எனக்குத் தெரியும் அப்பா. நாள் தள்ளிப் போனது தெரிஞ்சுதான் உங்களோடை வந்து நிண்டனான். தெரியாதெண்டு எல்லாருக்கும் பொய் சொன்னனான். டொக்டர் சொன்னது எனக்கு வடிவா விளங்கினது. விளங்கியும் என்ன, சாமத்திலை முழிச்சா அந்தப் படம்தான் ஞாபகம் வருது."

எந்தப் படம் என்று கேட்கவில்லை. 'என்னுடைய உதவியாளர்.'

ஆறு மாதமாகத் தேடிய விடை எனக்குக் கிடைத்துவிட்டது. அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். இது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"படம் வந்ததோ?" என்று கேட்டாள்.

"வந்தது."

"நல்லாயிருக்கோ?"

"ஓம்."

"எனக்குக் காட்டாதேங்கோ" என்றாள். "காட்டினா, காட்டேல்லையெண்டும் பொய் சொல்ல வேண்டி வரும்."

மனைவி புதிதாக உலை வைத்துச் சோறும் பருப்பும் முருங்கையிலை வறையும் சமைத்தாள். மூவரும் குசினி மேசையில் இருந்து சாப்பிட்டோம். நான் சோற்றைப் பிசைந்தபடி கணக்குப் பார்த்தேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால், போர்வை அடித்தபடியால்தான் பிறந்தது என்பார்கள். லண்டனில் இருந்தும் சொல்வார்கள். வாழ்நாள் முழுவதும் அந்தப் பிள்ளையைக் காட்டிக் காட்டிச் சொல்வார்கள், நானும் பக்கத்தில் இருந்து தலையாட்டுவேன். பிறக்காவிட்டால், அன்றைக்கு யார் வெளியே போனது என்று தேடுவார்கள். மண்டைதீவில் என்னைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். நான் சரி என்று ஆகக்கூடிய ஒரு முடிவும் இதில் இல்லை. அவர்கள் சொன்னதே சரி என்று ஆக வேண்டும் என்று நான் அந்த மேசையில் இருந்து மனதார வேண்டிக்கொண்டேன்.

மகள் பாதிச் சோற்றில் கையை நிறுத்தி, இடுப்பைப் பிடித்து ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்ன பிள்ளை?" என்றேன். "வயித்துக்கை ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

அவள் என்னைப் பார்த்தாள். மனைவியும் அகப்பையோடு திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களுமோ அப்பா?" என்றாள் மகள். பிறகு குனிந்து மிச்சச் சோற்றைச் சாப்பிடத் தொடங்கினாள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சாப்பிடுகிற மாதிரி, ஒரு பருக்கையும் விடாமல்.